கெப்பின் பின்னச்சை மாற்றினால் டீசல் மிச்சமாகுமா?

புல்மோட்டையில் விடியுமுன் ஏற்றும் மீன் சந்தைக்குப் போய்ச் சேர்வதற்குள், அதன் விலையில் ஒரு பங்கை டீசல் எடுத்துக்கொள்கிறது. அந்தப் பங்கைக் குறைக்க வழி தேடும் கெப் உரிமையாளருக்குச் சொல்லப்படும் யோசனைகளில் ஒன்று, பின்னச்சுக்குள் இருக்கும் டிஃபரன்ஷியல் பற்சக்கரங்களை மாற்றுவது. இழுவை கூடும், டீசலும் குறையும் என்று இரண்டு பலன்களையும் சேர்த்தே சொல்கிறார்கள். முதலாவது உண்மை. இரண்டாவது, இந்தக் கரையோரத்து ஓட்டத்துக்குப் பெரும்பாலும் பொருந்தாது. லீசிங் கட்டிக்கொண்டோ நகையை அடகு வைத்தோ அந்த வேலையைச் செய்ய நினைப்பவர் அதற்கு முன் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்குகள் சில உண்டு.

கேள்வி இப்போது கூர்மையாகியிருப்பதற்குக் காரணம் தெளிவு. 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு லீற்றர் ஒட்டோ டீசல் 121 ரூபாய். அதே ஆண்டு ஜூன் முடிவதற்குள் அது 460 ரூபாய். பிறகு கியூ.ஆர். குறியீட்டைக் காட்டி அளந்து வாங்கிய மாதங்கள். விலை அந்த உச்சியிலிருந்து இறங்கினாலும் பழைய 121க்குத் திரும்பவில்லை. மறுபுறம், 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. வரிகளெல்லாம் ஏறிய விலையில் புதிய கெப் ஒன்றைச் சிறு மீன் வியாபாரியோ நெல் விவசாயியோ நினைத்துப் பார்க்கவும் முடியாது. ஆகவே இருபது, முப்பது வருடம் உழைத்த ஹைலக்ஸையும் அதன் வயதொத்த மற்றக் கெப்களையும் இன்னும் சில காலம் ஓட்டித்தான் ஆகவேண்டும். அந்தப் பழைய வண்டியில் எங்கே காசு போடுவது, எங்கே போடாமலிருப்பது என்பது ஒரு குடும்பத்தின் வருமானத்தைத் தீர்மானிக்கும் விடயம்.

41 பல்லும் 10 பல்லும்

கியர் பெட்டியிலிருந்து பின்னச்சுக்கு ஓடும் நீண்ட சாஃப்டின் நுனியில் பினியன் என்ற சிறிய பற்சக்கரம் இருக்கிறது. அது கிரௌன் வீல் என்ற பெரிய சக்கரத்தைச் சுழற்றுகிறது. பினியனில் 10 பல், கிரௌன் வீலில் 41 பல் என்றால் சில்லு ஒரு முறை சுற்ற சாஃப்ட் 4.1 முறை சுற்றவேண்டும். இதையே 4.1 விகிதம் என்கிறோம். 41க்கு 9 என்று மாற்றினால் 4.556, 39க்கு 8 என்றால் 4.875. எண் பெரிதாகும்போது சில்லுக்குப் போகும் முறுக்கு விசை கூடுகிறது. 4.1இலிருந்து 4.556க்குப் போனால் 11 வீதம் கூடும். ஆனால் அந்த 11 வீதம் இனாமாக வருவதில்லை. அதே வேகத்தில் ஓட என்ஜின் 11 வீதம் அதிகமாகச் சுற்றவேண்டும். 29 அங்குல விட்டமுள்ள டயர் போட்ட கெப், நாலாவது கியரில் மணிக்கு 70 கிலோமீட்டரில் போகும்போது, 4.1 விகிதத்தில் என்ஜின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,070 சுற்று சுற்றும். 4.556இல் அதே வேகத்துக்கு ஏறத்தாழ 2,300 சுற்று. வண்டி நகரும் வேகம் அதேதான், சுமையும் அதேதான். பிஸ்டனும் பெயாரிங்கும் உராயும் தடவைகள் மட்டும் கூடுகின்றன. அந்த உராய்வை வெல்வதற்கும் டீசல்தான் எரியவேண்டும்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். இழுவை வேண்டுமென்றால் கியர் பெட்டி எதற்கு இருக்கிறது? நாலாவது கியரில் வண்டி திணறினால் மூன்றாவதுக்கு இறக்கலாம். அதில் கிடைக்கும் கூடுதல் விசை, பின்னச்சை மாற்றிப் பெறும் 11 வீதத்தைவிட எத்தனையோ பெரிது; தேவை முடிந்ததும் திரும்பவும் மேலே போட்டுவிடலாம். பின்னச்சை மாற்றுவது இதற்கு நேர்மாறு. வண்டி நிறைந்து போனாலும் வெறுமையாக வந்தாலும், ஏற்றமானாலும் சமதரையானாலும், எல்லா நேரத்துக்கும் எல்லாக் கியருக்கும் சேர்த்து ஒரே தீர்மானத்தை எடுத்துவிடுகிறோம். அந்தத் தீர்மானம் சரியா பிழையா என்பதை வண்டி ஓடும் வீதிதான் சொல்லவேண்டும்.

புல்மோட்டையிலிருந்து திருகோணமலைக்குப் போகும் வீதியை எண்ணிப் பாருங்கள். யான் ஓயா, குச்சவெளி, இறக்கக்கண்டி, நிலாவெளி என்று கடலை ஒட்டியே போகிறது. பாதையில் வாகனத்தை ஏற்றி ஆற்றைக் கடந்த காலம் போய்ப் பாலங்கள் வந்துவிட்ட இந்த வீதியில், ஏற்றமென்று சொல்ல அந்தப் பாலங்களின் முதுகைத் தவிர அதிகமில்லை. பதவியா வழியாகக் கெப்பித்திகொல்லாவைக்குப் போனாலும் வறண்ட வலயத்தின் மெல்லிய மேடு பள்ளம்தான். பேலியகொடை மீன் சந்தை வரை போகிறவருக்கும் மலை நாட்டைத் தொடவேண்டிய அவசியமில்லை. மாத்தளை ஏறிக் கண்டிக்குப் போகும் வண்டிக்குத்தான் உண்மையான ஏற்றம் இருக்கிறது. மலைக்காக ஒரு வண்டியை மாற்றியமைத்துவிட்டு, அதைக் காலம் முழுக்கச் சமதரையில் ஓட்டினால் ஒவ்வொரு கிலோமீட்டரும் கொஞ்சம் கொஞ்சமாக நட்டத்தில் போகும்.

மீற்றர் காட்டும் கணக்கு

அப்படியானால், மாற்றியவர்களில் சிலர் டீசல் மிச்சம் என்று உறுதியாகச் சொல்வதேன்? அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் பார்த்து எழுதிய மீற்றர்தான் பிழை காட்டுகிறது. பழைய கெப்களில் வேக மீற்றரும் கிலோமீட்டர் எண்ணும் பெட்டியும் கியர் பெட்டியின் பின்புறத்திலிருந்து வரும் கேபிளில் ஓடுகின்றன. அந்தக் கேபிளுக்குச் சாஃப்டின் சுற்றுத்தான் தெரியும்; சில்லு எத்தனை தடவை சுற்றியது என்பது தெரியாது. விகிதம் 4.1ஆக இருந்தபோது 100 கிலோமீட்டருக்கு 100 என்று காட்டிய மீற்றர், 4.556க்கு மாறிய பிறகு அதே தூரத்துக்கு 111 என்று காட்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. முன்னர் லீற்றருக்கு 10 கிலோமீட்டர் ஓடிய வண்டி, மாற்றிய பின் உண்மையில் 9.6 ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 100 கிலோமீட்டருக்கு 10.4 லீற்றர் எரிகிறது. ஆனால் மீற்றரோ 111 கிலோமீட்டர் என்கிறது. உரிமையாளர் வகுத்துப் பார்க்கிறார், லீற்றருக்கு 10.7 என்று வருகிறது. 4 வீத நட்டம் அவர் கொப்பியில் 7 வீத இலாபமாகப் பதிவாகிவிடுகிறது. அவர் அதைப் பக்கத்து வண்டிக்காரருக்குச் சொல்கிறார், அவர் இன்னொருவருக்குச் சொல்கிறார். பெரிய டயர் போட்டவருக்கு இது தலைகீழாக நடக்கும். மீற்றர் குறைவாக எண்ணுவதால், வண்டி உண்மையில் குடிப்பதைவிட அதிகமாகக் குடிப்பதாகத் தோன்றும். பிறகு அவரும் அதே விகித மாற்றத்துக்குப் போனால், மீற்றர் திருந்தியதையே டீசல் மிச்சமென்று எடுத்துக்கொள்வார். வீதியோரக் கிலோமீட்டர் கற்களை வைத்துத் தூரத்தை அளக்காத எந்தச் சாட்சியத்தையும் இந்த விடயத்தில் ஏற்க முடியாது என்பது என் கருத்து.

ஐந்தாவது கியர் வாதம்

மாற்றத்தை ஆதரிப்பவர்களிடம் வலுவான வாதம் ஒன்று உண்டு. அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. பல கெப்களில் ஐந்தாவது கியர் என்ஜினின் சுற்றைக் குறைத்து ஓடுவதற்காக வைத்தது. அது 0.85 என்று கொண்டால், 4.1 பின்னச்சோடு சேர்ந்து 3.49 ஆகிறது. பாரம் ஏற்றிய பழைய வண்டி இதில் இழுக்காது. சாரதி நாலாவதிலேயே ஓட்டுவார். 4.556 போட்டால் ஐந்தாவது கியரின் மொத்த விகிதம் 3.87. இப்போது பாரத்தோடும் ஐந்தாவதில் ஓடலாம்; 70 கிலோமீட்டர் வேகத்தில் என்ஜின் ஏறத்தாழ 1,950 சுற்றுத்தான். முன்னர் நாலாவதில் ஓடிய 2,070ஐவிடக் குறைவு. ஆக, பாவிக்காமல் கிடந்த ஒரு கியர் பாவனைக்கு வருகிறது. டீசலும் கொஞ்சம் மிஞ்சக்கூடும். கணக்கு சரி.

ஆனால் மீன் வண்டி போகும்போதுதான் நிறைந்து போகிறது. திரும்பி வரும்போது வெறும் ரெஜிபோம் பெட்டிகளோடு வருகிறது. அந்தப் பாதித் தூரத்தில் பழைய விகிதத்திலேயே ஐந்தாவது கியர் தாராளமாக இழுக்கும். என்ஜின் 1,760 சுற்றில் ஓடியிருக்கும். புதிய விகிதத்தில் அதே தூரத்துக்கு 1,950. போகும் வழியில் சேர்த்ததைத் திரும்பும் வழி கரைத்துவிடுகிறது. இருபுறமும் பாரத்தோடு ஓடும் வண்டிக்கு மட்டும், மீனைக் கொண்டுபோய்ச் சீமெந்தையோ பசளையையோ ஏற்றி வரும் வண்டிக்கு மட்டும், இந்த வாதம் முழுமையாக நிற்கும்.

இன்னொன்றையும் கேட்கவேண்டும். சமதரையில், அளவான பாரத்தோடு, நல்ல நிலையிலுள்ள டீசல் என்ஜின் ஐந்தாவது கியரில் ஏன் இழுக்க மறுக்கிறது? அடைத்துப்போன எயார் ஃபில்டர், தேய்ந்த இன்ஜெக்டர், ஒட்டிக்கொண்டு விடாத பிறேக், வழுக்கும் கிளட்ச் என்று காரணங்கள் வரிசையாக நிற்கும். இவற்றில் எதுவும் பின்னச்சை மாற்றினால் தீராது. மறைந்து நிற்கும், அவ்வளவுதான்.

பாரத்தின் அளவையும் பேசவேண்டும். பெட்டியின் அளவைப் பார்த்து நிறையைச் சொல்ல முடியாது என்பது இந்த ஊருக்கு நன்றாகத் தெரியும். 1957இல் கனிய மணல் கூட்டுத்தாபனம் அமைந்த ஊர் இது. ஒரு வாளி இல்மனைட், ஒரு வாளி சாதாரண மணலைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் கனக்கும். மீனிலும் ஏமாற்றம் உண்டு. ரெஜிபோம் பெட்டி கைக்குப் பஞ்சு போலிருந்தாலும் அதற்குள் நிறையும் மீனும் ஐசும் தண்ணீருக்கு நிகரான கனம் கொண்டவை. ஒரு கன மீற்றர் இடத்தை இடைவெளியில்லாமல் நிரப்பினால் ஒரு தொன்னை நெருங்கிவிடும். விகிதத்தை மாற்றிய வண்டி அதற்கு மேலும் இழுக்கும் என்பதுதான் இதில் ஆபத்தான பகுதி. இழுக்கும் சக்தி கூடியதே தவிர, பிறேக்கும் வில்லும் சேசிஸும் டயரும் பழையவைதான். மாடுகள் குறுக்கே வரும் இருட்டு வீதியில், அதிகாலை அவசரத்தில், நிற்க வேண்டிய இடத்தில் நிற்காத வண்டி யார் மீது போய் ஏறும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

மணலில் குறைவது பிடி

கடற்கரையில் படகை இழுப்பவர்கள் வேறொரு காரணம் சொல்வார்கள். மணலில் வண்டி புதைகிறது, அதனால் விசை வேண்டும் என்பார்கள். புதையும் வண்டியின் சில்லைக் கவனித்தால் அது நின்ற இடத்தில் சுழல்வது தெரியும். சுழல்கிறது என்றால் விசை போதுமான அளவு இருக்கிறது. மணலில் பிடிதான் இல்லை. அந்தச் சில்லுக்கு இன்னும் விசை கொடுத்தால் இன்னும் ஆழமாகக் குழி தோண்டும். இதற்கான பரிகாரம் டயரில் காற்றைக் குறைப்பது. 35 இறாத்தல் காற்றை 20க்கு இறக்கினால் டயர் மணலில் நீளமாகப் படர்ந்து நிற்கும். வீதிக்கு ஏறுமுன் திரும்ப நிரப்ப ஒரு சிறிய பம்ப் போதும். விகித மாற்றத்தோடு ஒப்பிட்டால் இந்தச் செலவு ஒன்றுமேயில்லை. நாலு சில்லும் இழுக்கும் கெப்பாக இருந்தால் மெதுவான வேலைக்கென்றே தாழ்ந்த கியர் வரிசை ஒன்று ஏற்கெனவே இருக்கிறது.

கடற்கரை வேலை பின்னச்சுக்குச் செய்யும் கேடு வேறு. ஓடிச் சூடாகிய அச்சை உப்புத் தண்ணீரில் இறக்கினால், உள்ளே இருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கும்; மூச்சுக் குழாய் அடைபட்டிருந்தால் அது தேய்ந்த சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். ஒயில் பால் போல வெளுக்கும். பெயாரிங் முதலில் துருப்பிடிக்கும். பிறகு பற்கள் தேயும். மீன் பெட்டியிலிருந்து ஒழுகும் உப்பு நீரும் இதே வேலையை மெதுவாகச் செய்கிறது. பின்னச்சில் காசு போட நினைப்பவர் முதலில் போடவேண்டியது ஒயிலிலும் சீலிலும் அந்த மூச்சுக் குழாயிலும்தான்.

மாற்றத்தான் வேண்டும் என்றால்

மாற்றம் நியாயமாகும் இடமும் உண்டு. பெரிய டயர் போட்ட வண்டியில் கணக்கு மாறிவிடுகிறது. 29 அங்குலத்திலிருந்து 31 அங்குலத்துக்குப் போனால் 4.1 விகிதம் நடைமுறையில் 3.84 ஆகிவிடும், 33 அங்குலத்துக்கு 3.60. வண்டி புறப்படும்போதே கிளட்ச் கருகும். மீற்றர் 70 காட்டும்போது 31 அங்குல டயர் உண்மையில் ஏறத்தாழ 75இல் ஓடும். 70 என்ற வேக எல்லையை மீறுகிறோம் என்பதே சாரதிக்குத் தெரியாது. 31 அங்குல டயருக்கு 4.3, 33 அங்குலத்துக்கு 4.556 போட்டால் வண்டி தன் பழைய நிலைக்கு அருகில் திரும்பும். வெள்ளத்தில் ஓடவேண்டிய வயல் வண்டிக்கு உயரமான டயர் உண்மையிலேயே தேவைப்படலாம். தோற்றத்துக்காகப் போட்டவருக்கு மலிவான வழி, பழைய அளவு டயருக்குத் திரும்புவது.

செலவைப் பேசும்போது பற்சக்கரச் சோடியின் விலையை மட்டும் கேட்பது போதாது. பெயாரிங், சீல், ஒயில், கூலி எல்லாம் சேரும். நாலு சில்லும் இழுக்கும் கெப்பில் முன்னச்சையும் அதே விகிதத்துக்கு மாற்றியே ஆகவேண்டும். செலவு கிட்டத்தட்ட இரட்டிக்கும். மணலில் மட்டும்தானே முன்னச்சைப் போடுகிறேன் என்று பின்னச்சை மட்டும் மாற்றினால், முன்சில்லும் பின்சில்லும் வேறு வேறு வேகத்தில் இழுபட்டு இடையிலுள்ள கியர் பெட்டியை உடைக்கும். ரீகண்டிஷன் அச்சை முழுதாக வாங்கிப் போடுவது மலிவாகத் தெரிந்தாலும், அதன் விகிதம் என்னவென்று விற்பவரின் வாய்ச்சொல்லை நம்பக் கூடாது. எண்ணிப் பார்ப்பது எளிது. ஒரு பக்கச் சில்லைத் தரையில் விட்டு மற்றதை ஜக்கில் தூக்கி, கியரை நியூட்ரலில் வைத்து, தூக்கிய சில்லை இரண்டு முழுச் சுற்றுச் சுற்றினால் சாஃப்ட் எத்தனை தடவை சுற்றுகிறதோ அதுவே விகிதம்.

எல்லாவற்றிலும் பெரிய செலவு, பிழையாகப் பொருத்துவது. பினியனும் கிரௌன் வீலும் தொடும் ஆழத்தையும் அவற்றின் இடைவெளியையும் டயல் அளவுகோல் வைத்து, மில்லிமீற்றரின் நூறில் ஒரு பங்கு வரை பார்த்து அமைக்கவேண்டும். பல்லில் மை பூசித் தொடும் தடத்தைப் பார்க்கவேண்டும். காதால் கேட்டுப் பொருத்திய டிஃபரன்ஷியல் சில மாதத்தில் ஊளையிடத் தொடங்கும். விகிதம் பெரிதாகப் பெரிதாகப் பினியனின் பல் எண்ணிக்கை குறைந்து அது பலவீனப்படுவதால் 4.875க்கு மேலே போவது இன்னும் கவனம் கேட்கும்.

பலனை எடைபோட விலைப்பட்டியல்கூடத் தேவையில்லை. மாதத்தில் 25 நாள் ஓடும் வண்டிக்கு 4 வீத மிச்சம் என்பது ஒரு நாள் டீசல். வேலைக்கான மொத்தத் தொகை எத்தனை நாள் டீசலுக்குச் சமம் என்று பார்த்தால், அத்தனை மாதம் ஓடினால்தான் போட்ட காசு திரும்பும். 40 நாள் டீசலுக்குச் சமமான செலவென்றால் மூன்று வருடத்துக்கும் மேல். அதுவும் மிச்சம் உண்மையாகவே கிடைத்தால்தான்.

புதிய வண்டி வாங்க முடியாதவரிடம் இருப்பதையும் திருத்தாதே என்று சொல்வது நியாயமா என்று கேட்கலாம். திருத்தட்டும், வரிசையைப் பார்த்துத் திருத்தட்டும் என்பதே என் வேண்டுகோள். முதலில் டாங்கியை நிரப்பி, புல்மோட்டை – திருகோணமலை வீதியில் கிலோமீட்டர் கற்களை எண்ணிப் போய் வந்து, திரும்ப நிரப்பி, உண்மைக் கணக்கை எடுக்கவேண்டும். நாலு தடவையாவது எடுத்தால்தான் நம்பலாம். பிறகு ஃபில்டர், இன்ஜெக்டர், பிறேக், டயர்க் காற்று. ஒரு தடவை ஏற்றிய பாரத்தைத் தராசில் நிறுத்துப் பார்ப்பதும் இதோடு சேரும். இத்தனைக்குப் பிறகும் வண்டி பெரும்பாலான நாள் இருவழியும் நிறைந்து ஓடுகிறது, அல்லது டயர் பெரிது என்றால் அப்போது கராஜுக்குப் போகலாம். போகும்போது, டயல் அளவுகோல் இருக்கிறதா என்று கேட்டு, பழைய விகிதம், புதிய விகிதம், பல் எண்ணிக்கை மூன்றையும் பில்லில் எழுதி வாங்கவேண்டும். மீற்றரைத் திருத்தும் சிறிய பற்சக்கரத்தையும் அதே நாளில் மாற்றச் சொல்லவேண்டும். முதல் சில நூறு கிலோமீட்டரைப் பாரமில்லாமல் மெதுவாக ஓட்டி, பிறகு ஒயிலை ஒரு தடவை மாற்றவேண்டும்.

தனியாளால் முடியாதவையும் உண்டு. மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள் ஒரு பொதுக் கொப்பி வைத்து, எந்த வண்டி, எந்த விகிதம், எந்த டயர், கல்லெண்ணி அளந்த டீசல் கணக்கு என்ன என்று பதிந்தால் ஒரே வருடத்தில் இந்த ஊருக்கென்று நம்பகமான சான்று கிடைத்துவிடும். இறங்குதுறையில் ஒரு தராசும் ஒரு காற்றுப் பம்பும் பொதுவில் இருந்தால் பல வண்டிகளின் ஆயுள் நீளும். தொழிற்பயிற்சி அதிகாரசபை, டிஃபரன்ஷியல் அமைக்கும் முறையைக் குச்சவெளிப் பிரதேசத்து கராஜ் இளைஞர்களுக்கு இரண்டு மூன்று நாள் பயிற்சியாக இங்கேயே வந்து கொடுக்கலாம். இறக்குமதி திறந்திருக்கும் இந்த நேரத்தில், விற்பனைக்கு வரும் ஒவ்வொரு கெப்பின் விலை அட்டையிலும் பின்னச்சு விகிதத்தை எழுதவேண்டுமென்று அரசாங்கம் கட்டாயப்படுத்தலாம். அமெரிக்காவில் பிக்கப் வாங்குபவர் 3.55 வேண்டுமா 3.73 வேண்டுமா என்று ஓடர் கொடுக்கும்போதே தெரிவுசெய்கிறார். தொழிற்சாலை அதற்கேற்ற இழுவை அளவையும் எழுத்தில் கொடுக்கிறது. சமதரையில் ஓடப்போகிறவர் சமதரைக்கான விகிதத்தை வாங்கும் நாளிலேயே கேட்டு வாங்க, இங்கே முதலில் அந்த எண் அவர் கண்ணில் படவேண்டும்.